ஐந்தாம் டப்பாவும் ஆறாம் டப்பாவும்

ஒருவர் பொய் சொல்கிறார் என்று நிரூபிப்பதற்காகக் கடல் தாண்டிப் போவது நல்ல குணமா என்று எனக்குத் தெரியாது. நான் அப்படித்தான் பெரம்பலூருக்குப் போனேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். வேலை இங்கிலாந்தில், ஒரு நியூட்ரான் ஆய்வகத்தில். ஒரு பொருளின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சினால் அவை மோதி நாலாபுறமும் சிதறும். எது எந்தத் திசையில், எந்தக் கணத்தில் வந்து விழுந்தது என்று சுற்றியிருக்கும் கருவிகள் குறித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சோதனையில் சேரும் பதிவுகளை ஒரு மனிதன் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் படித்து முடிக்க முடியாது. அவற்றைப் படித்து, குப்பையைக் கழித்து, கடைசியில் ஆராய்ச்சியாளர் கையில் ஓர் எண்ணைக் கொடுக்கும் கணினி நிரலை எழுதியவன் நான். ஒன்பது வருடமாகப் பல நாட்டுக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் அதிகமாகவே.

போன வருடம் இன்னொரு நிரல் எழுதினேன். இது சந்தேகப்படுவதற்கென்றே எழுதியது. ஆய்வகத்தின் பழைய பதிவுகளையெல்லாம் துழாவி, வெவ்வேறு பெயரில் வந்த இரண்டு மாதிரிகள் ஒரே மாதிரியாகச் சிதறியிருந்தால் கையை உயர்த்தும். முதல் ஓட்டத்திலேயே மூன்று ஜோடிகளைப் பிடித்தது. இரண்டு ஜோடிகள் பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை. மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வந்த விளக்கத்தைக் கோப்பில் சேர்த்து மூடினேன். மூன்றாவது ஜோடி பெரம்பலூரில் ஒரு கல்லூரியிலிருந்து வந்தது. அனுப்பியவர் ஸ்டெல்லா என்ற வேதியியல் பேராசிரியை.

அவர் தபாலில் ஆறு சின்ன டப்பாக்கள் அனுப்பியிருந்தார். சிமென்ட்டோடு சுண்ணாம்புக்கல் சுரங்கக் கழிவுத் தூளைக் கலந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, குறிப்பிட்ட நாளில் இறுகுவதை நிறுத்திப் பொடியாக்கிய மாதிரிகள். எத்தனை நாளில் எவ்வளவு தண்ணீரைச் சிமென்ட் தனக்குள் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. ஐந்தாம் டப்பாவின் சீட்டில் மூன்று நாள் என்று இருந்தது. ஆறாம் டப்பாவில் இருபத்தெட்டு நாள். என் புது நிரலோ இரண்டும் ஒன்றேதான் என்று அடித்துச் சொன்னது. இருபத்தெட்டு நாள் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரே பொடியை இரண்டு டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

என் மேலாளர் விசாரித்து அறிக்கை தரச் சொன்னார். அறிக்கை பாதகமாகப் போனால் எங்கள் ஆய்வகத்தின் கதவு அந்தப் பெண்ணுக்கு இனித் திறக்காது, செய்த ஆராய்ச்சியும் குப்பைக்குப் போகும். விளக்கம் கேட்டு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: நேரில் வாருங்கள், சொல்கிறேன். குற்றவாளிகள்தான் இப்படி எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு எப்படியும் ஊருக்கு வர வேண்டியிருந்தது. கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை திருச்சியில் பஸ் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டேன். “பஸ் பெரம்பலூர் ஊருக்குள்ள போகுங்களா?”

“ஏறுங்க சார், போவும்.”

சிறுவாச்சூரில் கூட்டம் அள்ளிக்கொண்டு ஏறியது. அங்கே கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும் என்பதை நெரிசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன். நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு அம்மா என் பக்கத்தில் இடம் பிடித்து, தேங்காய் மூடிகள் இருந்த பையைக் கேட்காமலே என் மடிக்கணினிப் பையின் மேல் வைத்தார். “செத்த புடிச்சுக்கங்க தம்பி.” தேங்காய்த் தண்ணீர் ஒழுகுமோ என்று எனக்கு அதே கவலை.

“என்ன சோலியா வந்தீங்க?” என்றார்.

“சிமென்ட் சம்பந்தமா ஒருத்தரைப் பார்க்கணுங்க.”

அந்த முகம் அப்படியே மாறிவிட்டது. பையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “எங்க பக்கம் விக்கிறதுக்கு நெலம் எதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் நிலம் கேட்கவேயில்லை.

பஸ் நெடுஞ்சாலையிலேயே, நாலு ரோட்டில் நின்றது. நடத்துநர் என்னைப் பார்த்து, “பெரம்பலூர் எறங்குங்க சார்” என்றார்.

“உள்ளே போகும்னு சொன்னீங்களே?”

“நேத்து வரைக்கும் போச்சு சார்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இங்கிலாந்தில் பஸ் வராவிட்டால் ஒரு பலகை மன்னிப்புக் கேட்கும். கோயம்புத்தூரில் நடத்துநர் ‘ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க’ என்று சொல்லி இறக்கிவிடுவார். இங்கே வெயிலில் இறங்கியதும் தப்பு என்னுடையது போல எனக்கே தோன்றியது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன்.

விடுதி மேலாளர் ஆதார் கேட்டார். கடவுச்சீட்டைக் கொடுத்தேன். அதை முன்னும் பின்னும் புரட்டி, எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்க ஆள் அனுப்பினார். “ட்ரோன் ஏதும் வச்சிருக்கீங்களா சார்?”

“இல்லை. ஏன்?”

“இப்புடித்தான் ஒருத்தர் போட்டோ புடிக்கிறேன்னு வந்து தங்குனாரு. அடுத்த மாசமே சிமென்ட் கம்பெனிக்காரங்க சுரங்கத்துக்குன்னு எங்க மாமனார் காட்டுல அளவுக்கல்லு நட்டுட்டாங்க.”

நான் சாப்ட்வேர் ஆள் என்றேன். அதை அவர் நம்பவில்லை என்பது அறைச் சாவியைக் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது. நானும் அவரை நம்பவில்லை. மடிக்கணினியைத் துணிகளுக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். பரோட்டாவுக்கு அவர்கள் ஊற்றிய சால்னா அருமையாக இருந்தது. அதிலும் ஏதாவது கலப்பு இருக்குமோ என்று இரண்டு முறை முகர்ந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, விரல்களில் சுண்ணக்கட்டித் தூள். “வாங்க சார். வெய்யில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க” என்றவர், அதற்குமேல் ஒரு வார்த்தை உபசாரமாகப் பேசவில்லை. ஆய்வுக்கூடத்தைக் காட்டினார். ஒரு தராசு, ஒரு உலர்த்தும் அடுப்பு, அலமாரியில் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். பதிவேட்டில் ஒவ்வொரு வரியும் பேனாவால் எழுதி, பக்கத்தில் நேரம் குறித்திருந்தது. எங்கள் ஆய்வகத்தில்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை. இவ்வளவு ஒழுங்கு இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

வகுப்புக்கு மணியடித்ததும் அவர் வெளியே போன நேரத்தில் பதிவேட்டின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்தேன். நான்காவது பக்கத்தில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறார்.

“தெளிவா விழுந்துச்சா சார்? இல்லன்னா ஜெராக்ஸ் போட்டுத் தரேன்.”

எனக்குக் காது சுட்டது. மரியாதை பார்க்காமல் கேட்டுவிட்டேன். “மேடம், அஞ்சாவது டப்பாவும் ஆறாவது டப்பாவும் ஒரே பொடிதானே?”

அவர் பதறவில்லை. கையில் இருந்த துண்டுச் சுண்ணக்கட்டியைப் பெட்டியில் போட்டார். “இங்க வேணாம் சார். நாளைக்கு அரியலூர்ல எங்க வூட்டுக்கு வாங்க. அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வரும். லேப்டாப்ப மறக்காம கொண்டாங்க.”

லேப்டாப் எதற்கு? அன்று மாலை முழுக்க அதே யோசனை. பதிவுகளையெல்லாம் இன்னொரு இடத்தில் நகல் எடுத்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றிய கடவுச்சொல் மறந்துபோய் அரை மணி நேரம் நானே வெளியே நின்றேன்.

புதன்கிழமை அரியலூர் பஸ் நகர்ந்த வேகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். சாலையின் பாதியில் மக்காச்சோளத்தைக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள். ஓட்டுநர் சோளத்தின் மேலும் ஏற்றாமல், லாரியிலும் உரசாமல் ஓட்டிய லாவகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அரியலூரை நெருங்க நெருங்கப் புளியமரங்கள் சிமென்ட் தூசி படிந்து பச்சை மங்கி வெளுத்துக்கொண்டே வந்தன. முன் இருக்கையில் ஒருவர் செல்போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “நம்ம கல்ல லேப்புல மட்டம்னு எழுதிட்டானுவ. பக்கத்துக் காட்டுக் கல்லு நல்ல கல்லாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான்டா இருக்கு!”

ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியர் பைக்கோடு நின்றார். லாரி ஓட்டுகிறவர், நல்ல ஆகிருதி. பையை வாங்கிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. பைக்கில் போகும்போது திரும்பிப் பார்க்காமலே கேள்விகள் கேட்டார்.

“கம்பெனி ஆளா?”

“இல்லைங்க. ஆராய்ச்சி நிலையம்.”

“தங்கச்சி மேல கேஸு எதுவும் போடுவீங்களா?”

“கேஸெல்லாம் இல்லைங்க. அறிக்கைதான்.”

“அறிக்கைன்னாலே கேஸுதான்” என்றார். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

வீட்டில் மாதா படம் போட்ட நாட்காட்டிக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். வந்த விஷயத்தை எடுத்தேன். “மொதல்ல சாப்டுங்க சார்” என்றார் ஸ்டெல்லா. கெளுத்தி மீன் குழம்பு, சின்ன வெங்காயம் உரித்து முழுசாகப் போட்டு வைத்தது. இப்படிக் குழம்பு ஊற்றி என் அறிக்கையை இளக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

கை கழுவி வந்ததும் அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். “ஆமா சார். அஞ்சும் ஆறும் ஒரே மாவுதான். ரெண்டுமே மூணு நாளுது. வேணும்னேதான் சீட்ட மாத்தி ஒட்டுனேன்.”

ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் கோபம்தான் வந்தது. “தெரிஞ்சே பொய்ச் சீட்டு ஒட்டுனீங்களா?”

“ஒட்டுனேன். ஏன்னு கேளுங்க. காலேஜுக்கு வர்றதுக்கு முன்னாடி நாலு வருசம் நான் ஒரு சிமென்ட் ஆலை லேப்ல இருந்தேன். லாரில வர்ற கல்லு நல்லதா மட்டமான்னு பாக்குறது என் வேலை. சொட்டு சொட்டா மருந்து விடுவோம், கலர் மாறுற எடத்துல நிறுத்தி அளவெடுப்போம். ஒரு நாளு வெளியில ஒரே சத்தம். என்னன்னா, கல்லு அனுப்புறவங்க சேந்துக்கிட்டு, ஒரே பாறையை உடைச்சு ரெண்டு மூட்டையாக்கி, ஒண்ணுல பெரிய காண்ட்ராக்டர் பேரு, ஒண்ணுல ஒரு சின்ன விவசாயி பேரு எழுதி அனுப்பிருக்காங்க. நான் பெரியவரு பேருக்கு நல்ல கல்லுன்னும், சின்னவரு பேருக்கு மட்டம்னும் எழுதிக் குடுத்திருக்கேன்.”

சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா நிறுத்தாமல் சொன்னார்.

“நான் யாருகிட்டயும் கை நீட்டுனதில்ல சார். சீட்டுல பேரைப் பாத்துட்டேன், அவ்வளவுதான். கலர் மாறுற எடத்துல கை தானா ஒரு சொட்டு முன்னாடி நின்னுருச்சு. எனக்கே தெரியல. அன்னைக்கு அழுதேன். இந்தப் பக்கம் இப்பவும் லேப்பு மேல சந்தேகம்னா ரெண்டு மூட்டைதான் அனுப்புவாங்க. உங்க சாப்ட்வேரும் எத்தனை நாளுதுன்னு சீட்டப் பாத்துக்குது, அது மேல எனக்குச் சந்தேகம். அதான் அனுப்புனேன்.”

என் சாப்ட்வேர் மேலா? சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்ட பிறகு ஜோடிக்கும் கதை என்று பட்டது. அதை அவர் என் முகத்தில் படித்திருக்க வேண்டும். பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட பதிவுத் தபால். பிரிக்கவேயில்லை. அஞ்சல் முத்திரை, டப்பாக்கள் எங்களுக்கு வந்துசேர்ந்ததற்கு முந்தைய மாதம். ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கும் பிரித்து ஒட்டிய தடம் இல்லை. நானே கிழித்தேன். ஐந்தும் ஆறும் ஒரே மாதிரி, சோதிப்பதற்காக அனுப்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“இப்ப லேப்டாப்ப எடுங்க சார். ரெண்டு டப்பாவுக்கும் உங்க சாப்ட்வேர் என்ன எண்ணு குடுத்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. மூலப் பதிவுகள் ஒன்றாக இருப்பதைக் கண்டதும் ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில், என் பழைய நிரல் கொடுத்த விடைகளைத் திறந்து பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. இப்போது திறந்தேன். ஐந்தாவதுக்கு மூன்று நாள் சிமென்ட்டுக்குப் பொருத்தமான எண். ஆறாவதுக்கு இருபத்தெட்டு நாள் சிமென்ட்டுக்குப் பொருத்தமான எண். ஒரே பொடி, ஒரே சிதறல், இரண்டு விடை.

ஐந்தாவதன் பதிவை எடுத்து, அதோடு சேர்த்திருந்த சீட்டு விவரத்தில் மூன்றை அழித்து இருபத்தெட்டு என்று மட்டும் மாற்றி மறுபடி ஓட்டினேன். விடை கூடியது. தொண்ணூறு என்று போட்டேன். இன்னும் கூடியது.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆரம்ப காலத்தில் கணக்கு சில சமயம் விடைக்கே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். பயன்படுத்துகிறவர்கள் திட்டினார்கள். நான் ஒரு சின்ன உதவி செய்தேன்: சீட்டில் இருக்கும் நாள் கணக்கை, அதாவது மாதிரியின் வயதைப் படி, அந்த வயதுச் சிமென்ட் வழக்கமாக எவ்வளவு தண்ணீர் பிடித்திருக்குமோ அங்கிருந்து தேடு, அதைவிட்டு ரொம்ப தூரம் போகாதே. தற்காலிகமாகத்தான் எழுதினேன். எடுக்க மறந்துவிட்டேன். அதன்பின் யாரும் திட்டவில்லை. எல்லோருக்கும் அவரவர் எதிர்பார்த்த விடை கிடைத்துக்கொண்டிருந்தது.

“இதை ஏன் முன்னாடியே எங்களுக்குச் சொல்லல?” என்றேன். குரல் எனக்கே பலவீனமாகக் கேட்டது.

அவர் செல்போனை எடுத்து ஒரு பழைய மின்னஞ்சலைக் காட்டினார். ஒரே பொருளுக்கு இரண்டு விடை வருகிறதே என்று, முடிவுகள் கைக்கு வந்த வாரமே எங்கள் உதவி மையத்துக்கு அவர் எழுதியது. கீழே இரண்டு வரியில் பதில்: உள்ளீட்டைச் சரிபார்க்கவும். இந்தக் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. அடியில் என் பெயர்.

“ஜோடி புடிக்கிற உங்க சாப்ட்வேரு எங்களைத் தவிர வேற யாரையும் புடிக்கலியா சார்?” என்று கேட்டார்.

“இன்னும் ரெண்டு பேரைப் பிடிச்சது.”

“அவங்க ஊருக்கும் போனீங்களா?”

மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

சேவியர்தான் பேசினார். “இந்தா, இங்கயே எழுதச் சொல்லு அறிக்கைய. போயிட்டா என்ன எழுதுவாருன்னு யாரு கண்டா?”

“வேணாண்ணே” என்றார் ஸ்டெல்லா. “என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எழுதுனா அதுவும் ஒரு பக்கம் சாஞ்சுதான் வரும். அவரு போயி எழுதட்டும்.” பிறகு என்னிடம், “நான் பொய்ச் சீட்டு ஒட்டுனதும் உண்மை சார். உங்க சாப்ட்வேர் தப்புங்குறதும் உண்மை. எதை எழுதுவீங்க, எதை வுடுவீங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாத்தான் இருக்கு” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது சேவியர் என் மடிக்கணினிப் பையை ஒரு கணம் பார்த்துவிட்டு, “நல்லபடியா போயிட்டு வாங்க” என்றார். அதில் எவ்வளவு மிரட்டல், எவ்வளவு மரியாதை என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை, விடுதி அறையில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, எனக்குப் பதவி உயர்வு வாங்கிக்கொடுத்த, சிமென்ட் பற்றிய என் ஆய்வுக்கட்டுரையின் பதிவுகளை எடுத்தேன். வயதை மாற்றினேன். விடையும் கூடவே மாறியது. ஒன்பது வருடத்தில் என் நிரலை நம்பி எத்தனை பேர் பட்டம் வாங்கியிருப்பார்கள், எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள்! கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓர் அறிக்கை எழுதினேன். பெரம்பலூர் பேராசிரியை மாதிரியின் வயதைத் தெரிந்தே தவறாகக் குறிப்பிட்டார், அதை ஒப்புக்கொண்டார், மேற்கொண்டு அனுமதி தர வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தேன், ஒரு வரிகூடப் பொய் இல்லை. அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ‘எனக்குப் பயமாத்தான் இருக்கு’ என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். அழித்தேன்.

இரண்டாவது அறிக்கை நீளமாக வந்தது. என் நிரல் சீட்டைப் பார்த்து விடை சொல்கிறது, எழுதியவன் நான், சுட்டிக்காட்டிய கடிதத்தை மூடியவனும் நான், இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெல்லா. பொய்ச் சீட்டு விஷயத்தையும், பிரிக்காத உறையையும் விடாமல் எழுதினேன். மேலாளருக்கும், ஸ்டெல்லாவுக்கும், நிரலைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பினேன். பிறகு ஆறிப்போன இட்லியைச் சாம்பாரில் முக்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

திருச்சி பஸ் நெடுஞ்சாலையில் ஏறியதும் மேலாளரின் பதில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டியிருந்தார். அதன் பிறகு இப்படி எழுதியிருந்தார்: ‘ஆனாலும் அவசரப்பட்டுவிட்டாய். இது யாரும் கேள்விப்படாத ஒரு சிறு கல்லூரி. அவர்கள் பக்கம் ஏதாவது குளறுபடி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு பெரிய பல்கலைக்கழகம் இதையே சொல்லியிருந்தால் நானே உடனே ஒப்புக்கொண்டிருப்பேன்.’

போன வாரம் இதைப் படித்திருந்தால் சரியென்று தலையாட்டியிருப்பேன். இப்போது கோபம் வந்தது. பஸ் குலுக்கியதில் இரண்டு முறை தப்பாக அடித்து, திருத்தி, பதில் அனுப்பினேன்.

‘கல்லூரியின் பெயரை அழித்துவிட்டு, என் அறிக்கையை இன்னொரு முறை படியுங்கள்.’